தன் சக்கரம்

பெட்டி வந்திறங்கிய செவ்வாய்க்கிழமை
அம்பாரோ மூன்று கேள்வி கேட்டாள்.
வண்டி இன்னும் வேகமாப் போகுமா?
போகாது.
பெட்ரோல் மிச்சமாகுமா?
ஆகாது.
எனக்குப் பின்சீட்டு?
அது அடுத்த மாசம் பாக்கலாம்.
நான்காவது கேள்வியை அவள் கேட்கவில்லை.
அதன் விலை ஆயிரத்து நானூறு டாலர்,
தவணையில்.

ஃபிரெஸ்னோவில் கொடிகளுக்கு நடுவே
தாள் விரித்துத் திராட்சை காயும் மாதம்.
எட்டு மணிநேரம் ஆலையில்
பெல்ட்டில் ஓடும் உலர்திராட்சையில்
காம்பு பொறுக்குகிறவன் நான்.
கையில் எந்நேரமும் ஒரு பிசுக்கு.
அந்தக் கையால் தொடக்கூடாதென்று
இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி
கராஜ் விளக்கடியில் பெட்டியைப் பிரித்தேன்.

நுரைத்தாளுக்குள் இரண்டு நிலா
என்றெல்லாம் சொல்லமாட்டேன்.
நிலாவில் என் மூக்கு தெரியாது.
இதில் தெரிந்தது,
ஐம்பத்திரண்டு குரோம் கம்பியில்
ஐம்பத்திரண்டு மூக்கு,
கத்தரிக்காய் போல நீண்டு.

கழற்றிய பழைய சக்கரங்கள்
ஒன்பது வருடம் என்னை ஆலைக்குக் கொண்டுபோனவை,
ஒரு நாளும் வழியில் விட்டதில்லை.
அவற்றைச் சுவர்ப் பக்கமாகத்
திருப்பி வைத்தேன்.

எதிர்வீட்டு நியா வாங்
டயர் கடையில் வேலை பார்ப்பவள்,
கையில் பாதி தின்ற மாம்பழத்தோடு வந்தாள்.
ஒரு சுற்று சுழற்றிப் பார்த்துவிட்டு
கோட்டம் இருக்கு என்றாள்.
புதுசுக்கே கோட்டமா?
புதுசுக்குத்தான். பழசுன்னா நீ பாக்கறதையே விட்டிருப்ப.

ஃபோர்க்கில் ஒரு பென்சிலைக் கட்டி
சக்கரத்தை மெல்ல விட்டாள்.
டிக்.
டிக் கேட்ட இடத்தில்
கம்பிக்குக் கால் திருகு.
மறுபடி டிக்.
இரண்டு மாலைகள்.
ஆக்சிலில் மூன்று மில்லிமீட்டர் குறைந்ததற்கு
ஒரு வாஷர்.
வியாழன் இரவு பென்சில் பேசவில்லை.

சனிக்கிழமை கிங்ஸ் கேன்யன் சாலையில் இறங்கினேன்.
பஸ் நிறுத்தத்துப் பையன்கள் பார்த்தார்கள்,
மக்காச்சோளம் விற்கிற தாமாசோ பார்த்தார்,
போலீஸ்காரன்கூடப் பார்த்தான்.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
டேங்க், மீட்டர், என் இரண்டு கட்டைவிரல்.
குனிந்து பார்க்கப் போய்
ரொட்டி வேனில் மோதியிருப்பேன்.
சலவைக்கடைக் கண்ணாடியில் அரை நொடி தெரியும் என்று பார்த்தால்
அங்கே விலைப்பட்டியல் ஒட்டியிருந்தார்கள்.

முனையில் நிறுத்தி நியாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தேன்.
ஒரே சுற்று. நான் இங்க நிக்கறேன்.

அவள் கடந்து போனாள்.
கம்பி ஒன்றுகூட இல்லை.
காதுகுடையும் பஞ்சுக் குச்சியால்
ஒவ்வொன்றாய்த் துடைத்தேனே,
ஐம்பத்திரண்டும் எங்கே போயின?
நெட்டுக்கு நின்ற ஒரு வெளிச்சம் மட்டும் உருண்டது.
அதற்குள் சலவைக்கடை, பனைமரம்,
தலைகீழாய்ச் சோளக்காரர் குடை,
குடைக்குப் பக்கத்தில் ஒரு தொப்பி,
நானாகத்தான் இருக்கும்,
இமைப்பதற்குள் தலையால் நடந்து போய்விட்டேன்.

ஒன் வண்டியா? தாமாசோ கேட்டார்.
ஆமா.
நல்லாருக்கு.
நானும் இப்பதான் பாக்கறேன்.

இருபது நிமிடம் ஆகியும் நியா வரவில்லை.
ஒரு சோளம் தின்றேன். இன்னொன்றும் தின்றேன்.
என்னென்னவோ நினைத்துவிட்டேன், லாரி வரைக்கும்.

பிறகு சத்தம் வந்தது, சத்தத்துக்குப் பின்னால் வண்டி,
வண்டியின் பின் மட்கார்டில்
பல் ஆஸ்பத்திரி ஏசிக்குப் போடும் நீல ஸ்வெட்டரை
மடித்துப் போட்டு
அதன்மேல் அம்பாரோ,
பெரிய ஹெல்மெட்டுக்குள் வாயெல்லாம் பல்லாக.
நிற்கவில்லை அவர்கள்.
இன்னொரு சுற்று? என்று அவள் கேட்டது
காதில் விழுந்தது. என்னிடம் இல்லை.
அந்த முறை நான் சக்கரத்தைப் பார்க்க மறந்துவிட்டேன்.

இரவு துடைக்கும்போது
பின் ஆக்சிலில் இறுகச் சுற்றிக் கிடந்தது
நீல நூல், முழங்கை நீளம்.
விரலுக்கு அகப்படவில்லை.
அவளுடைய புருவக் குறடைக் கேட்டேன்.
தருகிறேன் என்றாள்,
ஸ்வெட்டருக்கு விலை சொன்னாள்:
ஒரு பின்சீட்டு.